முப்பது வருட வில்லங்கமும் ஓர் ஐப்பசியும்

வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். பெங்களூரிலிருந்து காலேஜில் கூடப் படித்தவன், ஓ.எம்.ஆரிலிருந்து பழைய டீம்மேட், அவனுடைய மச்சினன். "டேய், திருச்சிப் பக்கம் ஷிஃப்ட் ஆயிடலாம்னு பாக்கறோம். நீ போய் நாலு வருஷம் ஆச்சே, எப்படி இருக்கு? என்னென்ன பாக்கணும்?" பின்னாலேயே ஓர் எக்செல் ஷீட்டும் வரும். சதுர அடி விலை, ஸ்கூல் எத்தனை கிலோமீட்டர், ஏர்போர்ட் எத்தனை நிமிடம், ஃபைபர் நெட் உண்டா, ஆஸ்பத்திரி பக்கத்திலா, டெலிவரி ஆப்கள் வருமா. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். கடைசியில் ஒரு கூட்டல்.

நக்கல் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. 2021-இல் நானும் என் மனைவியும் போட்ட ஷீட்டில் 23 வரிசைகள் இருந்தன. அந்த 23-இல் ஒன்றுகூட "இந்த இடத்தில் இதற்கு முன்னால் என்ன இருந்தது" என்று கேட்கவில்லை. "எனக்கு என்ன கிடைக்கும்" என்கிற ஒரே கேள்விதான் 23 வேஷம் போட்டுக்கொண்டு நின்றது. குடிபோகிற இடத்தைப் போன் வாங்குவதுபோல ஸ்பெக் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். அது தவறு, அந்தத் தவறுக்கான காசை வாங்கியவன் கட்டுவதில்லை, பக்கத்துத் தெருக்காரர்தான் கட்டுகிறார். இதுதான் என் கட்சி. சாட்சி, என் சொந்த வீடு.

*

முதலில் ஊருக்கு நியாயம் செய்துவிடுகிறேன். திருச்சி வளர்கிறது என்பது பொய் இல்லை. 2024 ஜனவரியில் விமான நிலையத்தின் புது முனையத்தைத் திறந்தார்கள். 2025 மே மாதம் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறப்பு விழா கண்டது. நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பார்க் 2010-லிருந்தே இருக்கிறது. துவாக்குடியில் என்.ஐ.டி., புதுக்கோட்டை ரோட்டில் ஐ.ஐ.எம். மனை விளம்பரத்தில் இந்த ஐந்தும் தவறாமல் வரும். எல்லாமே "10 நிமிடத்தில்". எந்த வண்டியில், எந்த நேரத்தில் என்று மட்டும் போட மாட்டார்கள்.

ஆனால் இந்த ஊர் இதற்கு முன்பும் இரண்டு தடவை பெரிதாக வளர்ந்திருக்கிறது. 1928-ஐ ஒட்டி ரயில்வே ஒர்க்‌ஷாப் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தபோது ஒரு தடவை. 1960-களில் திருவெறும்பூருக்கு பெல் வந்தபோது இன்னொரு தடவை. இரண்டு முறையும் வேலை முதலில் வந்தது, வீடு அதன் பின்னால் வந்தது. வீட்டோடு தெரு, சாக்கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மரம் எல்லாம் சேர்ந்து வந்தன. பொன்மலை ரயில்வே காலனியிலோ கைலாசபுரத்திலோ ஒரு மழை நாளில் நடந்து பாருங்கள், வித்தியாசம் காலுக்கே தெரியும்.

இப்போது நடப்பது மூன்றாவது வளர்ச்சி. இதில் மனை முதலில் வந்துவிட்டது. வேலை? அது பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கிறது, லேப்டாப் வழியாக வந்து போகிறது. சாக்கடை? "வரும் சார், பஞ்சாயத்துல பேசியாச்சு."

எங்கப்பா பெல்லுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்த ஒரு சின்ன யூனிட்டில் டர்னர். கொதிகலன் ஆர்டர் குவிந்த காலத்தில் அந்தப் பக்கத்து யூனிட்களில் ராத்திரி ஷிஃப்ட்டும் ஓடும், நாங்கள் அப்பாவை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்ப்போம். 2010-களில் ஆர்டர் வற்றியது. ஃபேப்ரிகேஷன் யூனிட்கள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. அப்பா வேலை பார்த்ததும் அதில் ஒன்று. அப்போது அவருக்கு 54 வயது. நான் ஹவுசிங் லோன் பேப்பரில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஒத்த கஸ்டமரை நம்பி லேத்து வாங்கக் கூடாதுடா."

எனக்கு அது புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். புரிந்தது, பிடிக்கவில்லை. ஒரே கம்பெனியின் வொர்க் ஃப்ரம் ஹோம் பாலிசியை நம்பி 20 வருடக் கடன் வாங்கினேன். 2023-இல் "வாரம் மூன்று நாள் ஆபீஸ்" என்று மெயில் வந்தது. ஆறு மாதம் ராத்திரி பஸ்ஸில் பெங்களூருக்கும் திருச்சிக்கும் அலைந்துவிட்டு, சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வேறு கம்பெனிக்கு மாறினேன். ஆகவே நண்பர்களே, ஏர்போர்ட் எத்தனை நிமிடம் என்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த மெயில் வந்தால் இந்த ஊரில் உங்களுக்கு என்ன வேலை?

*

நாங்கள் முதலில் தேடியது ஸ்ரீரங்கத்தில்தான். என் வயது ப்ரோகிராமர்களுக்கு ஸ்ரீரங்கம் என்றால் பாதி ரங்கநாதர், பாதி சுஜாதா. 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' படித்துவிட்டு அந்த வீதிகளில் ஒரு வீடு வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் நம் கூட்டத்தில் ஏராளம். நானும் ஏங்கினேன். ஆனால் சுஜாதாவும் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த எஞ்சினியர்தான். ரிட்டயர் ஆனதும் அவர் போனது சென்னைக்கு. ஸ்ரீரங்கத்துக்கு எழுத்தில் திரும்பினார், குடிவரவில்லை. ஒருவர் விட்டுவிட்டு வந்த ஊரைப் பற்றி எழுதியதை நாம் வீட்டு மனை விளம்பரமாகப் படித்துவிட்டோம்.

வீதிகளுக்குள் போனால் அடிமனைப் பிரச்சினை. வீடு உங்களுடையது, அதன் அடியில் இருக்கிற மனை கோயிலுடையதா என்பது ஆண்டுக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிற வழக்கு. தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர்களே பத்திரம் பதிய முடியாமல் அலைகிறார்கள். வீதிகளை விட்டு வெளியே வந்தால் அபார்ட்மெண்ட். 'தோப்பு' என்று முடிகிற பெயருள்ள இடங்களில் தோப்பைத் தவிர மற்றெல்லாம் இருக்கிறது. ஊர் 1994-லிருந்தே திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆனால் அது ஒரு தீவு என்பதைக் காவிரிப் பாலம் அவ்வப்போது ஞாபகப்படுத்தும். 1976-இல் திறந்த அந்தப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022 நவம்பரில் மூடினார்கள், 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு "10 நிமிடம்" என்று எழுதியவர் யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. வடக்கே கொள்ளிடம். 2018 ஆகஸ்டில், ஒரே மாதத்தில், 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சரிந்தன, 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை என்று ஒரு வாடகை வீடு பார்த்தோம். வாசலில் 'சைவம் மட்டும்' போர்டு. வீட்டுக்காரர் பெரியவர், மரியாதையாகத்தான் பேசினார். "நான்வெஜ் சாப்பிடுவேளா?"

"இங்க சமைக்க மாட்டோம் சார்."

"அதுக்கில்லே. பூர்வீகம் எந்தப் பக்கம்?"

பூர்வீகத்தைச் சொன்னேன். ஊரின் பெயர் அவருக்குப் போதவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். காரில் திரும்பும்போது என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் காது சுட்டது. இந்த அவமானத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நிமிடத்தில் இதைத் திரும்ப எடுப்பேன்.

*

கடைசியில் கொள்ளிடத்துக்கு வடக்கே, நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி, மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஒரு ஊரில் மனை அமைந்தது. ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்தப் பக்கம் எல்லா ஊரும் கிட்டத்தட்ட இதே கதைதான். வாசலில் ஆர்ச், கலர்க் கொடி, வெள்ளையும் மஞ்சளும் அடித்த கல், ஒரு பிளாஸ்டிக் ஊஞ்சல். சுற்றிலும் நெல். மேற்கே அடிவானம் வரைக்கும் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் விழுந்தோம். நாங்கள் நின்றுகொண்டிருந்த இடமும் போன வருடம் வரைக்கும் அதே பச்சைதான் என்பது மூளைக்கு எட்டவில்லை.

புரோக்கர் சொன்னார்: "டி.டி.சி.பி. இருக்கு, ரெரா இருக்கு, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம் சார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க எல்லாம் நம்மாளுங்கதான். அந்தப் பக்கம் யாருக்கும் குடுக்கல." கையைக் கிழக்கே காட்டினார். 600 மீட்டர் தள்ளி ஒரு காலனித் தெரு. ஓட்டு வீடுகள், சில தொகுப்பு வீடுகள்.

ஸ்ரீரங்கத்தில் காது சுட்ட அதே ஆள், இங்கே தலையாட்டினேன். உள்ளுக்குள் சின்னதாக ஓர் ஆறுதல்கூட வந்தது. அதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுதினால் இதற்கு மதிப்பில்லை. நம் எக்செல் ஷீட்டில் 'அக்கம்பக்கம் நல்ல மனுஷங்களா' என்று ஒரு வரிசை இருக்கிறதே, அதற்கு நாம் மார்க் போடுகிற லட்சணம் இதுதான்.

பத்திரம் பார்க்க வக்கீல் வைத்தேன். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்டது, 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அதிலிருந்து 'அப்ரூவ்டு' என்கிற வார்த்தைக்கு ஒரு தெய்வ சக்தி வந்துவிட்டது. ரோடு எத்தனை அடி, பூங்காவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது, எல்லாம் பேப்பரில் சரியாக இருந்தது. முப்பது வருட வில்லங்கம் சுத்தம். பட்டா சுத்தம். தாய்ப்பத்திரத்தின் நகலும் வாங்கி ஃபைலில் வைத்தேன். படிக்கவில்லை. பழைய கையெழுத்து, யார் படிப்பது?

அதைப் படித்தது மூன்று வருடம் கழித்து, வீட்டைச் சுற்றித் தண்ணீர் நின்ற பிறகு. அதில் நான்கெல்லை சொல்கிற இடத்தில் கிழக்கு எல்லை 'வடிவாய்க்கால்' என்று இருந்தது. என் பத்திரத்தில் அதே எல்லை '30 அடி பொது ரோடு'. இரண்டும் ஒரே இடம்.

நகரத்தில் வளர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆற்றுப்பாசன நஞ்சையில் ஒவ்வொரு வயலுக்கும் இரண்டு வாய் உண்டு. தண்ணீர் வருகிற மடை ஒன்று, போகிற வடிகால் ஒன்று. காவிரியில் பிரிகிற அய்யன் வாய்க்கால், பெருவளை வாய்க்கால் தண்ணீர் இந்தப் பக்கத்து வயல்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, மிச்சம் வடிந்து, கீழே இன்னொருவருக்குப் பாசனமாகும். நம் பாஷையில் சொன்னால், யாரோ பல நூறு வருடமாக மெயின்டெய்ன் செய்த ஒரு நெட்வொர்க். நடுவில் ஒரு நோடைப் பிடுங்கி அதன்மேல் தார் ஊற்றினோம். என் வடிகால் அரசு வாய்க்கால்கூட இல்லை, வயல்காரர்கள் தங்களுக்குள் வெட்டி வைத்துக்கொண்டது. அதற்குத் தனி சர்வே நம்பர் கிடையாது. மூடியது குற்றமா என்று கேட்டால் வக்கீல் தாடையைத் தடவுகிறார். எல்லாக் கையெழுத்தும் ஒழுங்காக இருக்கிறது, தண்ணீர் போக மட்டும் வழியில்லை.

இது என் லேஅவுட்டின் சங்கதி மட்டும் இல்லை. 1977 நவம்பரில் திருச்சி மூழ்கியது. 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் கரை மீறி, உய்யக்கொண்டானை ஒட்டிய நகர்களுக்குள் வந்தன. உய்யக்கொண்டான் சோழர் காலத்துப் பாசன வாய்க்கால். இன்றைக்கு அதன் கரையில் குடியிருக்கிற முக்கால்வாசிப் பேர் அதைச் சாக்கடை என்றுதான் நினைக்கிறார்கள். இப்போது எல்லோரும் மனை தேடி ஓடுகிற பஞ்சப்பூர், அதே கோரையாற்றின் கரையில் இருக்கிறது. வில்லங்கச் சான்றிதழில் அடமானம் வரும், கிரயம் வரும். வெள்ளம் வராது.

*

வீடு கட்டும்போது மேஸ்திரி "ரோடு மட்டத்துக்கு மேல நாலடி தூக்கிருவோம் சார்" என்றார். சரி என்றேன். லோடு லோடாகக் கிராவல் அடித்துப் பேஸ்மெண்ட் தூக்கினோம். பக்கத்து மனைக்காரர் நாலரை அடி தூக்கினார். அதற்கடுத்தவர் ஐந்தடி. இப்படி 31 வீடுகள். ஒரு பள்ளத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்து மேடாக்கிவிட்டோம்.

போன ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. என் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. தெருவில் முழங்காலளவு. மாடியிலிருந்து போட்டோ எடுத்து க்ரூப்பில் போட்டேன், "வெனிஸ்" என்று ஜோக் வேறு. தண்ணீர் ராத்திரியில் மெதுவாக வடிந்தது. எங்கே வடிந்தது என்று யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அக்கா இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். காலனித் தெருவில் வீடு. "தண்ணி வந்திருச்சாக்கா?" என்று கேட்டேன், ஊர்க்கதை கேட்கிற மாதிரி.

"கட்டில் மட்டத்துக்கு வந்திருச்சு தம்பி. அரிசி மூட்டை போச்சு. பொண்ணோட புக்கெல்லாம் ஊறிப் போச்சு. முந்தியெல்லாம் இங்கயே நிக்கும், எங்க பக்கம் வராது."

இங்கே என்றால்?

"இங்கதான். இது பள்ளத்து வயலு. ஐப்பசில முங்கிப் போகும். நான் இதுல நடவு நட்டிருக்கேன், களை எடுத்திருக்கேன். பாதி வருஷம் வெள்ளாமை வீடு வந்து சேராது. அதான் மொத ஆளா இதை வித்தாங்க." தரையைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தம்பி."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வக்கீலுக்குப் பணம் கொடுத்தேன், எஞ்சினியருக்கு, வாஸ்துக்காரருக்குக்கூடக் கொடுத்தேன். அந்த மண்ணைப் பற்றித் தெரிந்த ஆள் 600 மீட்டரில் இருந்தார். 'அந்தப் பக்கம்' என்று புரோக்கர் கை காட்டிய பக்கம். முப்பது வருட வில்லங்கம் பார்த்த நான் ஓர் ஐப்பசியைப் பார்க்கவில்லை.

*

இதைச் சொன்னால் நண்பர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். "உனக்கு வீடு வந்தாச்சு, இப்ப கதவைச் சாத்தற." பாதி சரி. நான் உள்ளே இருந்துகொண்டுதான் பேசுகிறேன். "விவசாயி விக்கறான், நாம வாங்கறோம், நடுவுல உனக்கென்ன?" இதுவும் பாதி சரி. வெள்ளாமை வீடு வந்து சேராத வயலைக் கட்டிக்கொண்டு அழு என்று அவரிடம் சொல்ல நான் யார்? "அப்ப பெங்களூர்ல மட்டும் ஏரி மேல கட்டலயா?" கட்டியிருக்கிறோம், அங்கிருந்து தப்பித்து வந்தவர்கள் அதையே இங்கே செய்கிறோம் என்பதுதான் நான் சொல்வது.

யாரும் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வருகிற விதத்தைச் சொல்கிறேன். முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். ஊருக்குள்ளேயே பழைய வீடுகள் இருக்கின்றன, உறையூரில், கே.கே. நகரில், பொன்மலைப் பக்கம். அந்த ஒரு வருடத்தில் ஓர் ஐப்பசி கட்டாயம் இருக்க வேண்டும். மனை பார்க்கச் சித்திரையில் போகாதீர்கள், சித்திரையில் எல்லா மண்ணும் நல்ல மண்தான். தாய்ப்பத்திரத்தின் நான்கெல்லையை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். பழைய எல்லையில் வாய்க்கால் என்று இருந்து புது எல்லையில் ரோடு என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். செப்டிக் டேங்க் லாரிக்காரரிடம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று கேளுங்கள். நான் கேட்டபோது சிரித்தார். எல்லாவற்றுக்கும் முன்னால், மனைக்குக் கீழ்ப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்று நடந்து போய்ப் பார்த்து, அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். புரோக்கர் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிக் கேட்பது கணக்கில் வராது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. ரோட்டின் ஓரத்தில் மூன்றடி அகலம் உடைத்து, மூடி போட்ட வடிகாலாக்கி, பழைய போக்கில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று ஒரு சிவில் எஞ்சினியர் நண்பன் வரைந்து கொடுத்தான். 31 வீட்டுக்கும் போனேன். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்களுக்குப் பயம், 'தண்ணி நிக்கற லேஅவுட்' என்று பெயர் வந்துவிட்டால் ரீசேல் போய்விடும் என்று. க்ரூப்பில் ஒருவர் எழுதினார்: "நீங்க ஏன் சார் நம்ம ரேட்டை நீங்களே கெடுக்கறீங்க?" அதற்கு 14 கட்டைவிரல்.

இந்த அக்டோபரில் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிராம சபைக்குப் போனேன். லேஅவுட்டிலிருந்து வந்தது நான் ஒருவன். காலனித் தெருவிலிருந்து 20 பேருக்கு மேல். அக்காவும் வந்திருந்தார். நான் மனுவை வாசித்தேன், அவர் எழுந்து நின்று தண்ணீர் எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போக வேண்டும் என்று கையாலேயே காற்றில் வரைந்து காட்டினார். என் நண்பன் கம்ப்யூட்டரில் வரைந்த படத்தைவிட அது தெளிவாக இருந்தது. தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. ஐப்பசி வந்துவிட்டது.

நேற்றும் ஒரு ஷீட் வந்தது. இந்தத் தடவை 27 வரிசைகள். நான் எதையும் நிரப்பவில்லை. அவனுக்கு இப்படிப் பதில் போட்டேன்: "மழை எச்சரிக்கை வந்ததும் கிளம்பி வா. மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. மழை நடுவுல ரெண்டு பேரும் காலனித் தெரு வரைக்கும் நடந்து போய்ட்டு வரலாம். ஷூ போட்டுக்கிட்டு வராதே."